ஆஸ்டின் ஏரிக்கரைப் பாதையில் தனியாக நடக்கலாமா?

கோயம்புத்தூரில் காலை ஆறு மணிக்கே ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடந்து பழகியவர், அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஆஸ்டினுக்கு வந்தபின் லேடி பேர்ட் ஏரிக்கரையில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது, வீட்டிலும் வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக நடக்கலாம் சகோதரி. எந்த நேரம், எந்தப் பகுதி என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். ஊரில் ஆறு மணி என்றால் வெளிச்சம் வந்துவிடும், இல்லாவிட்டாலும் வரப்போகிறது என்று அர்த்தம். இங்கே ஜூனில்கூட ஆறரைக்குத்தான் சூரியன் எட்டிப்பார்க்கும். டிசம்பரில் ஏழே காலைத் தாண்டிவிடும். பாதையில் பல இடங்களில் விளக்கே கிடையாது. அதனால் ஊர்க் கடிகாரத்தை மறந்துவிட்டு, விடிந்தபின் கிளம்புங்கள்.

ஏரியைச் சுற்றி மொத்தம் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். மேற்கே மோபாக் பாலத்திலிருந்து காங்கிரஸ் அவென்யூ பாலம் வரை எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். ஓடுகிறவர்கள், நாயுடன் வருகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் என்று நிறைந்திருக்கும். ஐ-35 சாலையைத் தாண்டிக் கிழக்கே போகப் போகக் கூட்டம் குறையும். அந்தப் பக்கம் பழகும்வரை துணையோடு போங்கள்.

மதுக்கூடங்கள் நிறைந்த ரெய்னி தெருப் பக்கம் ஏரியில் உடல்கள் கிடைத்ததை வைத்து, தொடர் கொலைகாரன் ஒருவன் திரிகிறான் என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு ஆதாரம் இல்லை என்று போலீஸ் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் குடும்பங்களின் துயரம் பெரிது, அதை வைத்து வதந்தி பரப்புவது எனக்குக் கோபத்தையே தருகிறது. 2023-இல் அந்த இடத்தில் கரையோரத் தடுப்பும் கூடுதல் விளக்கும் வைக்க நகராட்சி நடவடிக்கை எடுத்தது. கேட்டவர்கள் விடாமல் கேட்டதால் நடந்தது அது.

நடக்கும்போது வலப்பக்கமாகவே செல்லுங்கள், இடப்பக்கமாக சைக்கிள் முந்திப் போகும். அவர்கள் மணி அடிப்பதும் குரல் கொடுப்பதும் கேட்க வேண்டும், அதனால் ஒரு காதையாவது ஹெட்போன் இல்லாமல் விடுங்கள். காரில் கைப்பை, லேப்டாப் எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். இங்கே பாதை தொடங்கும் இடங்களில் ஆள்மீது கை வைப்பதைவிடக் கார்க் கண்ணாடியை உடைப்பதுதான் அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம். பெருமழை பெய்தால் அன்றைக்கு ஏரிக்கரையே வேண்டாம், வெள்ளம் சட்டென்று ஏறும்.

ஆபத்து என்றால் 911. அப்புறம், நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத ஒன்று 311, நகராட்சியின் புகார் எண். விளக்கு எரியவில்லை, புதர் மண்டி வளைவு தெரியவில்லை, பலகை பெயர்ந்துவிட்டது, இதற்கெல்லாம் அந்த எண்தான். இரவும் பகலும் எடுப்பார்கள், செயலியிலும் பதியலாம். புதிதாக வந்தவள், விசாவில் இருப்பவள், நான் எப்படிப் புகார் சொல்வது என்று தயங்காதீர்கள். பாதை உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு வளைவு இருட்டாக இருந்தால் நடக்கிற எல்லாப் பெண்களும் அங்கே வேகமாக நடக்கிறோம், ஆனால் யாரோ ஒருவர்தான் போன் செய்கிறார். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். பக்கத்துப் பாலத்தின் பெயரையும் கரை வடக்கா தெற்கா என்பதையும் சொல்லுங்கள். ஒரு கோரிக்கை எண் தருவார்கள். வேலை நடக்காவிட்டால் அதே எண்ணைச் சொல்லி மறுபடியும் கேளுங்கள்.