ஹார்மோன் மாத்திரையும் கெண்டைக்கால் வலியும்: சுளுக்கா, ரத்த உறைவா?

கேள்வி: எனக்கு வயது 26. பி.சி.ஓ.டி.க்காக (சினைப்பை நீர்க்கட்டி) மூன்று மாதங்களாக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற வாரம் ஜிம்மில் சேர்ந்தேன். பிறகு இரவுப் பேருந்தில் பெங்களூரிலிருந்து மதுரைக்கு வந்தேன். நான்கு நாட்களாக இடது கெண்டைக்கால் வலிக்கிறது, சற்று வீங்கியும் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்கலாம் என்கிறார் அம்மா. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் (ஆழ்சிரை) ரத்தம் உறைந்திருந்தால், அழுத்தித் தேய்க்கும்போது அதில் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளக்கூடும். இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பி.சி.ஓ.டி.க்கு எழுதித் தரப்படும் மாத்திரைகளில் பல கருத்தடை மாத்திரைகளே என்பது சாப்பிடுபவர்களுக்கே தெரிவதில்லை, ஆகவே, "கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால் தயங்காமல் "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அட்டையின் பின்புறத்தில் எத்தினைல் எஸ்ட்ரடயால் (செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) என்று இருந்தால், அது ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரலில் கூடுதலாகச் சுரக்கவைத்து, உறைதலைத் தடுப்பவற்றைக் குறைக்கும் மருந்து. இவ்வகை மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இவ்வாறு ரத்தம் உறைகிறது. இந்த மாத்திரைகளில் அதனுடன் இன்னொரு ஹார்மோனும் கலந்திருக்கும்; அது லெவோநார்ஜெஸ்ட்ரலாக இருந்தால், சாப்பிடுபவர்களில் 5 முதல் 7 பேருக்கும், டிராஸ்பைரினோனாக இருந்தால் 9 முதல் 12 பேருக்கும் உறைகிறது. எண்ணிக்கை சிறியதுதான் என்றாலும், முதல் ஆண்டில்தான் ஆபத்து அதிகம். உங்களுக்கோ நீண்ட பயணமும் சேர்ந்திருக்கிறது.

தசை இழுப்பு பெரும்பாலும் ஓர் அசைவின்போது சுரீரென்று தொடங்கும். வலிக்கும் இடத்தை விரலால் காட்ட முடியும். ஓய்வெடுத்தால் இரண்டு மூன்று நாட்களில் தணியத் தொடங்கும். ஜிம்மினால் வரும் உடல்வலியும் வழக்கமாக இரண்டு கால்களிலும் இருக்கும். ரத்த உறைவோ, எப்போது தொடங்கியதென்று சொல்ல முடியாமல் வந்து, ஒரு காலில் மட்டும் கனமும் வீக்கமும் நாளுக்கு நாள் கூடும். தொட்டால் அந்தக் கால் சூடாக இருக்கும். நம் மாநிறத்தில் சிவப்பு தெரியாமலே போகலாம். வலியைவிட வீக்கத்தையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். தையல் டேப்பை எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி இரு கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது வலுவான அறிகுறி. குறைவாக இருந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது.

சந்தேகத்தைத் தீர்ப்பது, சிரைகளை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். கருவியால் அழுத்தும்போது நல்ல சிரை தட்டையாகிவிடும். உறைவு உள்ள சிரை அமுங்காது. சந்தேகம் குறைவு என்று மருத்துவர் கருதினால் ரத்த உறைவு கரையும்போது உண்டாகும் புரதத் துணுக்குகளை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையே போதுமானதாக இருக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல் வீக்கம் மட்டும் தொடர்ந்தால், ஒரு வாரத்தில் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை அடுத்த மாத்திரையைச் சாப்பிட வேண்டாம். கருத்தடை தேவையென்றால் ஆணுறை போதும். நிறுத்திய அன்றே ஆபத்து நீங்கிவிடாது என்பதால், மாத்திரையை விட்டுவிட்டோம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ ரத்தம் உறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இதற்கிடையே மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.