நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் ஏன் கூசுவதில்லை?

கை போய்த் தொடுவதற்கு முன்பே, அந்தத் தொடுகை எப்படி இருக்கும் என்று மூளை கணித்துவிடுகிறது. அதனால்தான்.

கையை அசைக்கச் சொல்லித் தசைகளுக்குக் கட்டளை போகும்போதே, அதன் நகல் ஒன்று மூளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதை வைத்து, தோலில் எந்த உணர்வு எப்போது வரும் என்று கணக்குப் போடுவதில் சிறுமூளைக்கு முக்கியப் பங்கு உண்டு. வந்த உணர்வு கணக்கோடு ஒத்துப்போனால், ‘இது நம்ம வேலைதான்’ என்று அதன் வீரியம் குறைக்கப்படும். அடுத்தவர் விரல் விலாவில் பட்டால் அப்படி ஒரு கணக்கே இல்லை, துள்ளிவிடுகிறோம்.

லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் மூவரும் 1990களின் கடைசியில் இதை அழகாகச் சோதித்தார்கள். இடது கையால் ஒரு ரோபோவை அசைக்க வேண்டும். இன்னொரு ரோபோ அதே அசைவில் ஒரு ஸ்பாஞ்சை வலது உள்ளங்கையில் தேய்க்கும். உடனுக்குடன் தேய்த்தபோது அவ்வளவாகக் கூசவில்லை. நடுவில் 0.2 நொடி தாமதம் வைத்ததும் கூச்சம் கூடிவிட்டது. இத்தனைக்கும் அசைத்தது அதே ஆள்தான். இல்லாத குரல்கள் கேட்பதாக, தன்னை வேறு யாரோ இயக்குவதாக உணரும் மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கோ, தன் தொடுகையும் பிறர் தொடுகையும் ஒரே மாதிரி கூசுகின்றன என்று பிளேக்மோர், ஃபிரித் உள்ளிட்டோர் பின்னர் கண்டார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஷெர்கில் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் செய்த சோதனை. எங்கள் வீட்டில் இரண்டு பையன்கள். “நான் மெதுவாத்தான் அடிச்சேன், அவன்தான் பலமா அடிச்சான்” என்ற வழக்கு தினமும் வரும். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்! இரண்டு பேரை உட்காரவைத்து, உன் விரலில் விழுந்த அதே அழுத்தத்தை அவர் விரலுக்குத் திருப்பிக் கொடு என்றார்கள். ஒவ்வொரு முறையும் அழுத்தம் சராசரியாக 38 சதவீதம் ஏறியது. தான் கொடுக்கும் அழுத்தத்தை மூளை குறைத்துக் காட்டுவதால், வாங்கிய அளவுதான் என்று நினைத்து அதிகமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். தனி ஆளாக வைத்து, விரலில் கருவி கொடுத்த அழுத்தத்தை அதே அளவில் திரும்பக் கொடுக்கச் சொன்னபோது, தன் விரலை மறு கை விரலால் நேரடியாக அழுத்தியவர்கள் இப்படி மிகையாக அழுத்தினார்கள். அதையே ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி, கருவி மூலம் அழுத்தச் சொன்னபோது அளவு கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. விரலால் அழுத்தினால் என்ன ஆகும் என்று மூளைக்கு வாழ்நாள் பழக்கம். ஜாய்ஸ்டிக் அதற்குப் புதுசு.