பக்கத்து மனையில் 60 மாடி, கடைமுன் ஐந்தடி நடைவழிக்குக் கீழே சுரங்க நடைபாதை

கேள்வி: கோலாலம்பூர் லெபோ அம்பாங் வட்டாரத்தில் என் பெயரில் ஈரடுக்குக் கடைவீடு இருக்கிறது, போருக்கு முன் கட்டியது. பக்கத்து மனையில் 60 மாடிக் கோபுரம், கீழே நான்கு தளக் கடைகள், அங்கிருந்து எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குச் சுரங்க நடைபாதை என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். நடைபாதை என் ஐந்தடிக்கு, அதாவது கடைமுன் கூரையுள்ள நடைவழிக்கு, கீழே போவதுபோல் தெரிகிறது. என் சம்மதம் வேண்டாமா? சுவர் விரிசல் விட்டால் யாரைக் கேட்பது?

பதில்: இன்றைக்கே பலகையைப் படம் பிடியுங்கள். விண்ணப்ப எண்ணும் ஆட்சேபத்துக்கான கடைசி நாளும் தெளிவாகத் தெரியவேண்டும். அந்த நாளுக்குள் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) நகரத் திட்டமிடல் பிரிவில் மலாயில் எழுதிய கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் சாப் (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். தாமான் ரிம்பா கியாரா வழக்கில் 2023 ஏப்ரல் 18 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், டத்தோ பண்டார் (மாநகர மேயர்) கொடுத்த மேம்பாட்டு ஆணை, அதாவது கட்டுவதற்கான திட்ட அனுமதி, செல்லாது என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்படும் அண்டை நிலத்தார் சொல்வதைக் கேட்காமல் விட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

"கட்டடம் மிக உயரம்" என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கிவிடும். நிபந்தனைகளைக் கேளுங்கள்: வேலை தொடங்குமுன் மேம்பாட்டாளர் செலவில் உங்கள் கட்டடத்தின் நிலை அறிக்கை, நிலத்தடி நீர்மட்டக் கண்காணிப்பு, கட்டடம் எவ்வளவு கீழிறங்குகிறது என்று காட்டச் சுவரில் தாழ்வு அளவுக் குறிகள், ஐந்தடி அடைபடாமல் வாடிக்கையாளர் வரும் வழி.

சம்மதம் வேண்டுமா என்பதற்கு விடை உங்கள் கிராண்ட்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) இருக்கிறது. ஐந்தடியில் ஊரே நடந்தாலும், பழைய கடைவீடுகள் பலவற்றில் அது உரிமையாளரின் மனைக்குள்ளேயே வரும். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து, எல்லைக்கோட்டையும் ஆழ வரம்பு ஏதும் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐந்தடி சாலை நிலமாக இருந்தால் உங்கள் சம்மதம் தேவைப்படாது. உங்கள் மனை என்றால், தேசிய நிலச் சட்டம் 44வது பிரிவு, நிலத்தை நியாயமாகப் பயன்படுத்தத் தேவையான அளவு கீழேயும் மேலேயும் உங்களுக்கு உரிமை தருகிறது. அந்த எல்லைக்குள் நடைபாதை வந்தால் உங்களோடு ஒப்பந்தம் வேண்டும். அல்லது அரசு முறைப்படி நிலம் கையகப்படுத்தவேண்டும். கையகப்படுத்தினால் நில அலுவலகம் நடத்தும் இழப்பீட்டு விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். அங்கே இருந்தவர் இழப்பீட்டை எதிர்க்க, இழப்பீட்டுத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் 'N' எழுத்துப் படிவம் கொடுக்கவேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஆழக் குழியின் தடுப்புச் சுவரைப் பிடித்து நிறுத்த, இரும்பு நங்கூரங்களைப் பக்கத்து மனைக்கு அடியில் செலுத்துவார்கள். கிரேனின் கை உங்கள் கூரைக்கு மேல் சுற்றும். இரண்டுக்கும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காமல் செய்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம்.

விரிசலுக்கு வருவோம். குழியிலிருந்து நீரை இறைக்கும்போது சுற்றுப்புற நீர்மட்டமும் இறங்கும். ஆழமில்லாத அடித்தளமும் மண்ணில் இறக்கிய பக்காவ் (சதுப்புநில) மரக்கட்டைகளும் உள்ள பழைய கடைவீடு அப்போது ஒரு பக்கமாகத் தாழும். காய்ந்த கட்டை மெல்ல இற்றுப்போகும். அந்த 44வது பிரிவு, பக்கத்து நிலம் உங்கள் நிலத்தைத் தாங்கி நிற்கவேண்டும் என்ற உரிமையையும் தருகிறது, ஆனால் இயல்பு நிலையில் உள்ள நிலத்துக்குத்தான். கட்டடச் சேதத்துக்குக் கவனக்குறைவு, தொல்லை என்ற அடிப்படையில் வழக்குப் போடவேண்டியிருக்கும். அங்கே ஆதாரம்தான் பேசும். "அது பழைய விரிசல்" என்றுதான் கட்டுமானக் குத்தகையாளர் முதலில் சொல்வார்.

ஆகவே, பதிவுபெற்ற பொறியாளரை வைத்து உங்கள் சார்பிலும் தனி அறிக்கை எடுங்கள். ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கவேண்டும். பொதுச் சுவரும் கதவு நிலைகளும் முக்கியம். கதவு இழுத்து மூடும்படி ஆனால் தாழ்வு தொடங்கியிருக்கலாம். பைலிங் (அடித்தளத் தூண்களை மண்ணில் இறக்கும் வேலை) தொடங்கியபின் எடுக்கும் அறிக்கைக்குப் பாதி மதிப்புக்கூட இல்லை.

டிபிகேஎல் அனுமதி கொடுத்துவிட்டால், அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதித்துறைச் சீராய்வுக்கு மனு செய்யவேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறதென்று அதைத் தவறவிடாதீர்கள். சேதத்துக்கு மேம்பாட்டாளர்மீது வழக்குப் போட ஆறு ஆண்டு உண்டு. டிபிகேஎல்மீது 36 மாதம் மட்டுமே.