உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாய் என்ன செய்தது என்பதைத்தான் சொல்கின்றன. கடித்தது, குரைத்தது, குதறியது. அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று எழுதியவர்கள் மிகச் சிலர். எனக்கு வேண்டியது அதுதான். அடுத்த முறை எழுதும்போது அந்த முந்தைய நிமிடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

"எங்கள் நாய்க்கு நான்கு வயது. என் ஐந்து வயது மகன் கட்டிப்பிடித்தால் உறுமும். உறுமும்போதெல்லாம் என் கணவர் இரண்டு அடி கொடுப்பார். இப்போது உறுமுவதே இல்லை. திருந்திவிட்டது என்று நம்பலாமா? இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறேன்." – ஒரு வாசகி

நம்பாதீர்கள் அம்மா. அடியால் நின்றது உறுமல் மட்டும்தான். பையன் கழுத்தைக் கட்டும்போது அதற்கு வரும் பயம் அப்படியே இருக்கிறது. அத்துடன் அடி விழுமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 'என்னை விடு' என்று நாய் வாய்விட்டுச் சொல்வதுதான் உறுமல். அதைச் சொல்லவே கூடாது என்று பழக்கிவிட்டால் அதனிடம் மிச்சமிருப்பது பல்தான். 'திடீரென்று கடித்துவிட்டது டாக்டர்' என்று வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால், முன்பெல்லாம் உறுமிக்கொண்டிருந்தது, கண்டித்து நிறுத்தினோம் என்ற தகவல் பல நேரம் வெளியே வரும்.

நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்தேன். பையன் இரண்டு கைகளாலும் கழுத்தை வளைத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரிக்கிறான். யார் பார்த்தாலும் ரசிப்பார்கள். இப்போது அவனை விட்டுவிட்டு நாயை மட்டும் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கிறது. முகம் அவனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. பார்வை மட்டும் அவன் மேலேயே நிற்பதால் விழியின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. காதுகள் பின்னால் படிந்திருக்கின்றன. ஒரு முன்னங்கால் தரையை விட்டு லேசாகத் தூக்கியிருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் தெரிந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தால் அந்த நாய் விலகிப் போக வழி தேடுகிறது. உறுமுவதற்கும் முந்தைய கட்டத்திலேயே நாய்கள் இப்படிப் பேசத் தொடங்கிவிடும். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, எதிரே தீனி இல்லாமலே மூக்கை நக்கிக்கொள்வது, நனையாமலே உடம்பை உதறுவது எல்லாம் இந்த வகைதான்.

இன்றிலிருந்து கட்டிப்பிடிப்பதை நிறுத்துங்கள். மனிதர்களுக்கு அது அன்பு. பெரும்பாலான நாய்களுக்கு அது ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட நிலை. பையனுக்கு வேறொன்று சொல்லிக்கொடுக்கலாம். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிடட்டும். அது தானாக வந்தால் மார்பிலோ தோள்பக்கத்திலோ மெதுவாகத் தடவிவிட்டுக் கையை எடுத்துவிடட்டும். 'இன்னும் தடவு' என்று உடம்பைச் சாய்த்துக் கொடுத்தால் தொடரலாம். நகர்ந்து போனால் பின்னால் போகக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைகள் இந்த விளையாட்டை நன்றாகவே கற்றுக்கொள்வார்கள். அது படுக்கும் மூலை அவனுக்கு எல்லைக்கு வெளியே இருக்கட்டும். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள்.

உங்கள் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்: மறுபடியும் உறுமினால் நாயை ஒன்றும் செய்ய வேண்டாம், பையனை அமைதியாக அந்தப் பக்கம் கூட்டிப் போகட்டும். நாயின் கழுத்தையும் காதையும் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ் இருக்கும் நாயைக் கட்டிப்பிடித்தால் வலி உயிர் போகும். எந்த நாயாக இருந்தாலும், பல் பட்டுத் தோல் கிழிந்தால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி விஷயத்தில் நாளை பார்க்கலாம் என்பது கிடையாது.

"வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் வாசற்கதவின் சட்டத்தைக் குதறி வைத்துவிடுகிறது. நான் உள்ளே நுழைந்ததும் தலையைக் குனிந்து, வாலை இடுக்கிக்கொண்டு ஓரமாகப் போகிறது. தப்பு என்று தெரிந்தே செய்கிறது, விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறது என்கிறார் என் அண்ணன்." – தனியே வசிக்கும் ஒரு வாசகர்

அந்தக் குனிந்த தலையைப் பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்டது. வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தை வைத்து, 'தொடாதே' என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தொடவே இல்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சில நேரம் அது உண்மையாக இருக்காது. தின்றுவிட்டது என்று கேட்டால் அவர் நாயைத் திட்டுவார். முடிவு என்ன தெரியுமா? 'குற்ற உணர்ச்சி' முகம் தின்ற நாய், தின்னாத நாய் என்று பார்த்து வரவில்லை. திட்டு வாங்கிய நாய்க்கு வந்தது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதை இன்னும் அதிகமாகக் காட்டின. ஆக, உங்கள் நாய் படிப்பது கதவுச் சட்டத்தை அல்ல, உங்கள் முகத்தை. சத்தம் போடாமல் நுழைந்தாலும் உங்கள் தோளும் நடையும் மூச்சும் அதற்குப் போதும்.

கதவைத்தான் குதறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியமான குறிப்பு. வெறும் பொழுதுபோக்குக்குக் கடிக்கும் நாய் செருப்பு, தலையணை என்று கிடைத்ததைக் கடிக்கும். நீங்கள் போன வழியிலேயே பல்லையும் நகத்தையும் வைக்கும் நாய் தனிமையைத் தாங்க முடியாமல் தவிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். உறுதிப்படுத்த, கிளம்பும்போது ஒரு பழைய செல்போனை வீடியோ பதிவில் போட்டுவிட்டுப் போங்கள். பிரிவுப் பதற்றமாக இருந்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்: அங்குமிங்கும் நடப்பது, மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகுவது, ஊளையிடுவது.

அப்படியென்றால் கண்டிப்பதால் ஒரு பயனும் இல்லை. பல மணி நேரத்துக்கு முன் நடந்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் அது முடிச்சுப் போடாது. நீங்கள் வீட்டுக்கு வருவதே பயப்பட வேண்டிய விஷயம் என்றுதான் கற்றுக்கொள்ளும். சாவியை எடுத்து, மாட்டிவிட்டு, மறுபடி உட்காருங்கள். செருப்பு போட்டு, கழற்றுங்கள். சாவிச் சத்தம் கேட்டாலே எழுந்துகொள்கிற நாய் படுத்தபடியே கிடக்கும்வரை இதைச் செய்யுங்கள். பிறகு கதவைத் தாண்டிச் சில விநாடி நின்று திரும்புங்கள். அது பதறுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும், இதில்தான் எல்லாம் இருக்கிறது. பதற விட்டுவிட்டால் பயிற்சி பின்னால் போய்விடும். விநாடி நிமிடமாக வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை பகலில் உறவினர் யாராவது கூட இருக்க முடியுமா என்று பாருங்கள். ரத்தம் வருமளவுக்குத் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது என்றால் மருந்தும் தேவைப்படும். மருந்து கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் அண்ணனிடம் இதை அப்படியே காட்டுங்கள்.

"நாய்க்கு முன் நாம் சாப்பிட வேண்டும், வாசலில் நாம்தான் முதலில் நுழைய வேண்டும், அடங்காவிட்டால் மல்லாத்தி அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அது தலைவனாகிவிடும் என்கிறார் எங்கள் பயிற்சியாளர். சரிதானா?" – ஒரு கல்லூரி மாணவர்

முதல் இரண்டாலும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மூன்றாவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய விடாதீர்கள். பயந்துபோன நாயின் முகத்துக்கு அருகே உங்கள் முகத்தைக் கொண்டுபோகும் செயல் அது.

இந்தத் தலைவன் கதை ஓநாய்களிடமிருந்து வந்தது. ருடால்ஃப் ஷென்கெல் என்ற விலங்கியலாளர் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதினார். அடைத்து வைத்த இடத்தில் நடக்கும் சண்டையைப் பார்த்து, ஓநாய்க் கூட்டம் என்றாலே தலைமைப் போட்டி என்ற எண்ணம் பரவியது. ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1970-இல் வெளியிட்ட புத்தகம் அதை இன்னும் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்து, அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஓநாய்களுக்கே பொருந்தாத ஒன்றை நாயின் முதுகில் ஏற்றி மல்லாத்துவது என்ன நியாயம்?

வேறு பயிற்சியாளரைப் பாருங்கள். நல்ல பயிற்சியாளரை அடையாளம் காண எளிய வழி இருக்கிறது. அவர் வந்ததும் நாய் அவரை நோக்கிப் போகிறதா, உங்கள் பின்னால் ஒளிகிறதா என்று பாருங்கள்.

"வாலை ஆட்டும் நாய் கடிக்காது என்பது உண்மையா?" – ஓர் இல்லத்தரசி

இல்லை. வால் ஆடினால் நாய் கிளர்ச்சியடைந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இடுப்போடு சேர்ந்து தளர்வாக, அகலமாக ஆடினால் பயமில்லை. உயரத் தூக்கி, விறைப்பாக, நுனி மட்டும் வேகமாக அதிர்ந்தால் கிட்டே போகாதீர்கள். இத்தாலியில் 2007-இல் செய்த ஆய்வில், வளர்ப்பவரைப் பார்த்தபோது வால் வலப்பக்கமும், அறியாத, மிரட்டுகிற நாயைப் பார்த்தபோது இடப்பக்கமும் கூடுதலாகச் சாய்ந்தது தெரிந்தது. ஆனால் தெருவில் நின்று அதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது. வாயையும் கண்ணையும் பாருங்கள்.

"நடக்கக் கூட்டிப் போனால் நடப்பதே இல்லை. ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்துகொண்டு நிற்கிறது. இழுக்கலாமா?" – ஓய்வுபெற்ற ஒருவர்

விடுங்கள் ஐயா. நீங்கள் காலையில் செய்தித்தாள் படிக்கும்போது யாராவது பிடுங்கினால் எப்படியிருக்கும்? யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கம்பத்தில் இருக்கிறது. தூரம் குறைந்தாலும் பரவாயில்லை. ஆற அமர முகர்ந்த நாய் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுக்கும்.

"எங்கள் நாய்க்குப் பதின்மூன்று வயது. இரவில் எழுந்து வீடு முழுக்க நடக்கிறது, சுவரைப் பார்த்து நிற்கிறது, பழகிய அறையிலேயே வழி தெரியாமல் விழிக்கிறது. வயதானால் இப்படித்தான் என்கிறார்கள்." – ஒரு வாசகி

'இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். மனிதர்களுக்கு வரும் மறதிநோயைப் போன்ற ஒன்று நாய்களுக்கும் வருகிறது. அதற்கு உணவிலும் மருந்திலும் ஓரளவு உதவி செய்ய முடியும். மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, பார்வை மங்குவது, காது மந்தமாவது போன்றவையும் இதே மாதிரி அறிகுறிகளைத் தரும் என்பதால் ரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறது, எழுவதற்கு முன் முனகுகிறதா, தண்ணீர் குடிக்கப் போகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா. அந்தத் தாள் கையில் இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.