ஒட்டுறவு (correlation) கேள்வி பதில்: பெங்களூரு உளவியல் மாணவர்களுக்காக

அல்சூரிலிருந்து எம்.எஸ்ஸி. மாணவி: அக்கா, தினமும் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பு வழியாக வேலைக்குப் போகும் 60 பேரிடம் பயண நேரமும் மன அழுத்த மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒட்டுறவுக் கெழு 0.42. டிராஃபிக்தான் அழுத்தத்துக்குக் காரணம் என்று எழுதலாமா?

எழுதாதேம்மா. ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறது, அந்த எண் சொல்வது அவ்வளவுதான். வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கு வெளியே அத்திப்பள்ளியில் வீடு பிடித்தவரை நினைத்துப் பார். அவருக்குப் பயணமும் நீளம், பணக் கவலையும் கூடுதல். அழுத்தத்தைத் தருவது எது? வருமானம் கேட்டு வைத்திருந்தால், அதன் பங்கை நீக்கிவிட்டுக் கணக்கிடும் பகுதி ஒட்டுறவு போட்டுப் பார். இன்னொன்று, 0.42-ஐ வர்க்கப்படுத்தினால் சுமார் 0.18. அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறுவதில் 18 சதவீதம்தான் பயண நேரத்தோடு சேர்ந்து போகிறது. 60 பேரை வைத்து 95 சதவீத நம்பிக்கையோடு சொன்னால் உண்மையான மதிப்பு 0.19 முதல் 0.61 வரை எங்கேயும் இருக்கலாம். இந்த இடைவெளியையும் கட்டாயம் எழுது.

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவர்: தூக்கத்துக்கும் எரிச்சலுக்கும் எனக்கு வந்தது −0.04. தொடர்பே இல்லையா?

முதலில் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வைத்துச் சிதறல் படம் வரைந்தாயா தம்பி? எனக்கும் ஒருமுறை இதேதான் வந்தது. படம் போட்டதும் வலது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றது. படிவத்தை எடுத்துப் பார்த்தால், 6.5 மணி நேரத் தூக்கத்தை 65 என்று தட்டியிருந்தேன். திருத்தியதும் −0.5 பக்கம் வந்துவிட்டது. நாற்பது பேரின் பதிலை விலகி நின்ற ஒரு புள்ளி மறைத்துவிட்டது!

தரவு சரியாக இருந்தாலும் தொடர்பு வளைவாக இருக்கலாம். பதற்றம் ஓரளவு இருந்தால் தேர்வு நன்றாக எழுதுவோம். மிகக் குறைந்தாலும் மிஞ்சினாலும் கெடும் என்று வைத்துக்கொள். அப்படிப்பட்ட தரவில், நேர்கோட்டுத் தொடர்பை மட்டும் அளக்கும் வழக்கமான பியர்சன் கெழு பூஜ்யத்தை ஒட்டியே வரலாம். 1973-ல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். நான்கிலும் கெழு 0.816, படங்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அவற்றை நீயே ஒருமுறை கையால் வரைந்து பார்.

இன்னொருவர்: ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை ஐந்து விடைகள் கொண்ட ஒரே ஒரு கேள்விதான் என்னுடையது. எந்தக் கெழு?

ஸ்பியர்மேன் தரவரிசைக் கெழு. வரிசை மட்டுமே அதற்குப் போதும்.

ஜெயநகரிலிருந்து ஒரு தந்தை: நுழைவுத் தேர்வு மார்க்குக்கும் கல்லூரி மார்க்குக்கும் தொடர்பு மிகக் குறைவு என்று மகளின் புராஜெக்டில் வந்திருக்கிறது. அப்படியானால் அந்தத் தேர்வு வீண்தானே என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மேடம்?

அவசரப்பட வேண்டாம் சார். அவள் தரவில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தத் தேர்வில் தேறி உள்ளே வந்தவர்கள். தேறாதவர்களின் கல்லூரி மார்க் யாரிடமும் இல்லை. இப்படி மார்க்குகளின் வீச்சு சுருங்கினால் பெரும்பாலும் கெழுவும் சுருங்கும். எந்த மார்க்கிலிருந்து எந்த மார்க் வரை உள்ளவர்கள் என்பதை மகளை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.