கால்நடை கேள்வி–பதில்: மெலிந்த பசுவுக்குச் சினை ஏன் நிற்பதில்லை?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு இரண்டாம் கன்று ஈன்று நான்கு மாதம் ஆகிறது. தினம் 12 லிட்டர் கறக்கிறது. மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. உடம்பும் இளைத்துவிட்டது. நான்கு கிலோ அடர்தீவனமும் அரிசிக் கஞ்சியும் வைக்கிறோம்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஊசியைக் குறை சொல்லும் முன் பசுவைத் தொட்டுப் பாருங்கள். பெருத்த வயிறு கண்ணை ஏமாற்றும், கை ஏமாறாது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் நீளும் குட்டை எலும்புகளின் நுனியை அழுத்துங்கள். நுனிகள் கூராகத் துருத்தி, வாலடியின் இருபுறமும் ஆழக் குழி விழுந்திருந்தால் உடல் சதைப்பிடிப்புக்கு 5க்கு 2 அல்லது அதற்கும் குறைந்த மதிப்பெண். லேசாக அழுத்தியதும் எலும்பு தட்டுப்பட்டு, குழி மேலோட்டமாக இருந்தால் 3. பலமாக அழுத்தினால்தான் எலும்பு தெரியும், வாலடியில் கொழுப்புத் திரண்டிருக்கும் என்றால் 4.

ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது. ஈன்ற ஆறு, எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு ஏறிவிடும். தீவனம் எடுக்கும் அளவு அதற்குப் பிந்தித்தான் ஏறும். அந்த இடைவெளியில் பசு தன் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. அரை மதிப்பெண் இறங்கினால் கவலையில்லை. ஒன்றுக்கு மேல் இறங்கினால் கருமுட்டை சரியாக வளராது, பருவ அறிகுறி மங்கும், சினையும் நிற்காது.

உங்கள் கணக்கில் அடர்தீவனம் குறைவு. உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. ஆக, ஆறு கிலோவுக்கு மேல் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோவாக ஏற்றி, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கூடவே பசுந்தீவனம் 20–25 கிலோ, வைக்கோல் 4–5 கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம். கஞ்சியை இன்றே நிறுத்துங்கள். வெந்த மாவுச்சத்து இரைப்பையில் சட்டென்று புளித்து அமிலமாகும். பசு தீவனத்தையே வெறுக்கும். சாணப் பரிசோதனை செய்து குடற்புழு நீக்கி, கருப்பையில் சீழ் உள்ளதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அரை மதிப்பெண் ஏறவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம்.

கேள்வி: எட்டு மாதச் சினை, பால் வற்றிவிட்டது. பசு கொழுத்திருக்கிறது. தீவனத்தைக் குறைக்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போது பட்டினி போடாதீர்கள். கொழுப்பு கரைந்து ஈரலில் படியும். மேலும் கொழுக்க விடாமல் வைக்கோலைக் கூட்டி, அடர்தீவனத்தை அளவோடு வையுங்கள். உடம்பைக் குறைக்க வேண்டிய காலம் கறவையின் கடைசி மூன்று மாதம்.