பிக்கப் மூடிக்குள் தண்ணியும் புழுதியும் வருகிறதா? முதலில் பின்கதவைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டபுள் கப் பிக்கப்பின் பின்பெட்டிக்கு மூன்றாய் மடிகிற ரெக்சீன் மூடி வாங்கிப் பூட்டினாராம். மழைக்கு யூரியாப் பை நனைந்து கட்டிபட்டுவிட்டது, கிரவல் றோட்டில் ஓடினால் பெட்டி முழுக்கச் செம்புழுதி. பெட்டி விளிம்பில் துளை போட்டு ஆணி இறுக்கவா, இல்லை இதைக் கழற்றிப்போட்டு அலுமினிய மூடி வாங்கவா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் தம்பி. துளை போட்ட இடத்தில் பெயின்ற் போய் ஒரு மாரியிலேயே கறள் பிடிக்கத் தொடங்கிவிடும். அலுமினிய மூடி போட்டாலும் புழுதி வரத்தான் செய்யும், ஏனென்றால் அது மூடியால் வருவதில்லை. வாகனம் ஓடும்போது அதன் பின்பக்கம் காற்றழுத்தம் குறையும், ரயர் கிளப்புகிற புழுதி அங்கேயே சுழன்று பின்கதவின் இடுக்கால் உள்ளே இழுபடும். நம்பிக்கை இல்லையென்றால் இருட்டினபிறகு பெட்டிக்குள் ஒரு ரோச் லைட்டை எரியவிட்டு, மூடியையும் கதவையும் பூட்டிவிட்டு வெளியே நின்று பாருங்கள். கதவின் இரண்டு பக்கமும், கீழே பிணைச்சல் இருக்கிற இடத்திலும் வெளிச்சம் கோடாய்த் தெரியும். அந்தக் கோடு தெரிகிற இடமெல்லாம் கதவுக்கு ஒட்டுகிற றப்பர் பட்டி போடுங்கள். ஒட்டுவதற்கு முன்னம் சவர்க்காரத் தண்ணியால் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும், புழுதிக்கு மேல் ஒட்டினால் ஒரு கிழமையில் உரிந்து தொங்கும்.

தண்ணி வேறு கதை. அது பெரும்பாலும் முன்பக்கம், கபினை ஒட்டின இரண்டு மூலையாலும்தான் இறங்கும். மூடி கோணலாய் அமர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூடியைப் பெட்டி விளிம்போடு கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் எல்லாவற்றையும் இளக்கி, மூடியை முன்னுக்குத் தள்ளி, முன் றப்பர் மடியாமல் தட்டையாய் அமர்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு இடது வலது விளிம்பில் விட்டிருக்கிற இடைவெளியை அளவுநாடாவால் அளந்து சமப்படுத்தி, நாலு கிளாம்ப்பையும் கையால் மட்டும் பிடிக்கிற அளவுக்குப் பூட்டி, கதவைச் சாத்திப் பார்த்துவிட்டுத்தான் கடைசி இறுக்கு. அதையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாய். ஸ்பானரை முழுப் பலத்தோடு இழுத்தால் பெட்டி விளிம்பு நெளியும், அப்புறம் எந்த மூடியும் அமராது. உங்கள் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டு இருந்தால், அதன் விளிம்பு மேலே ஏறி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிளாம்ப் பிளாஸ்டிக்கைக் கவ்வக்கூடாது, தகரத்தைக் கவ்வ வேண்டும், அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக்கை வெட்டிவிடுங்கள். கிரவலில் இரண்டு மூன்று நாள் ஓடினபிறகு கட்டாயம் ஒருக்கா கிளாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள், குலுக்கத்தில் இளகும்.

றப்பருக்குக் கிறீசோ மண்ணெண்ணெயோ பூசாதீர்கள், ஊதிப்போகும். சிலிக்கன் ஸ்பிறே போதும். மூடியை மடித்துவிட்டு ஓடுகிறபோது வாரைக் கட்டாமல் ஓட வேண்டாம், காற்று தூக்கி எறிந்துவிடும். ரெக்சீன் மேல் மூட்டை வைப்பதும் ஆள் ஏறி இருப்பதும் கூடவே கூடாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மழை என்று பிள்ளைகளையோ வேலையாட்களையோ மூடிக்குக் கீழே ஏற்றிவிடாதீர்கள். புழுதி வருகிற அதே இடுக்கால்தான் சைலன்சர் புகையும் உள்ளே வரும். அதிலிருக்கிற காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை, மயங்கினபிறகுதான் தெரியவரும். ஆட்டுக்குட்டிக்கும் இதுதான்.

காலபோகம் வெட்டின ஈர நெல்லை மூடிக்குள் வைத்துப் பூட்டி வெயிலில் நிறுத்தவும் வேண்டாம், புழுங்கிப்போகும். யூரியாவுக்கு மட்டும், எவ்வளவு நன்றாய்ப் பூட்டினாலும் நாலு துளி உள்ளே வரும் என்றே வைத்துக்கொண்டு, இரண்டு பனஞ்சலாகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் பையை அடுக்கி, ஒரு சின்னத் தறப்பாளால் மூடிவிடுங்கள்.